சாகிற குழந்தையை மாற்றியவர்கள்

ஸ்டீபன் கிங் எழுதிய 'பெட் செமட்டரி' நாவலில் லாரியில் அடிபட்டுச் சாவது, இரண்டு வயதுகூட நிரம்பாத பையன். 2019-ல் வெளிவந்த படத்தில் சாவது அவனுடைய அக்காள், ஒன்பது வயதுப் பெண். படம் வந்த சமயத்தில் இந்த மாறுதலைப் பற்றி நாவலின் ரசிகர்களிடையே பலத்த சர்ச்சை நடந்தது. மூலத்துக்குத் துரோகம் என்றார்கள் ஒரு கட்சியார். மூலத்தை ஒட்டி 1989-லேயே ஒரு படம் வந்தாகிவிட்டதே, அதையே திரும்ப எடுப்பானேன் என்றார்கள் மறு கட்சியார். குழந்தையை மாற்றினது தப்பே இல்லை என்பது என் அபிப்பிராயம். மாற்றிய பிறகு அந்தப் பெண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் திகைத்துவிட்டார்களே, அதுதான் எனக்கு வருத்தம்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பேய்க் கதையின் முடிச்சை அவிழ்த்துவிட்டேன் என்று யாரும் கோபித்துக்கொள்ள வேண்டியதில்லை. முடிவு தெரிந்த பிறகும் கெட்டுப்போகாத பயங்கரக் கதைகள் சொற்பம்; அவற்றில் இது ஒன்று.

லூயிஸ் க்ரீட் ஒரு டாக்டர். மனைவி ரேச்சல், மகள் எல்லி, சின்னவன் கேஜ், எல்லியின் பூனை சர்ச் (வின்ஸ்டன் சர்ச்சில் என்பதன் சுருக்கம்) எல்லோருடனும் சிகாகோவை விட்டு மெய்ன் மாகாணத்தில் லட்லோ என்ற சிற்றூருக்குக் குடிவருகிறான். வீட்டுக்கு முன்னால், பெரிய லாரிகள் இரவும் பகலும் பறக்கிற ரஸ்தா. பின்னால் காடு. காட்டுக்குள் ஓர் இடத்தில் அந்த வட்டாரத்துக் குழந்தைகள், ரஸ்தாவில் செத்த நாய் பூனைகளைத் தலைமுறை தலைமுறையாகப் புதைத்து வருகிறார்கள். அதற்குப் பெயர்ப் பலகையும் எழுதி வைத்திருக்கிறார்கள், எழுத்துப் பிழையோடு. 'இடுகாடு' என்பதை நம் குழந்தை 'இடுக்காடு' என்று எழுதினால் எப்படியோ அப்படி. அந்தப் பிழைதான் நாவலின் தலைப்பு. அதற்கும் அப்பால், விழுந்து கிடக்கும் மரக்குவியல் ஒன்றைத் தாண்டிப் போனால், மிக்மாக் பழங்குடியினரின் பழைய புதைகாடு. அங்கே புதைத்தது எதுவானாலும் திரும்பி வரும். போனபடியே வராது; சங்கடம் அதுதான்.

எதிர்வீட்டுக் கிழவர் ஜட் கிராண்டல்தான் லூயிஸை அங்கே முதலில் அழைத்துப் போகிறார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அவர் மனைவி நார்மாவுக்கு மாரடைப்பு வந்த இரவில் லூயிஸ் காப்பாற்றியிருக்கிறான். அந்த நன்றியை எப்படியாவது தீர்க்க வேண்டும். பூனை லாரியில் அடிபட்டுச் செத்துக் கிடக்கிறது. குழந்தை ஊரில் இல்லை. அவள் திரும்பி வந்து அழுவதற்குள் பூனையைத் திரும்பக் கொடுத்துவிடலாம் என்று நினைக்கிறார் கிழவர். பூனை வருகிறது. அதன்மேல் ஒரு மண் வாடை; நடை தடுமாறுகிறது; எலிகளையும் பறவைகளையும் பசிக்காகக் கொல்லாமல் வேடிக்கைக்காகக் கிழித்துப் போடுகிறது. சில மாதம் கழித்து அதே ரஸ்தாவில் கேஜ் சாகிறான். இனி என்ன நடக்கும் என்று வாசகனுக்குத் தெரியும். லூயிஸுக்கும் தெரியும், பூனையைப் பார்த்திருக்கிறானே! முன்பு ஒருவர் தம் மகனை அங்கே புதைத்து என்ன பாடுபட்டார் என்பதைக் கிழவர் வேறு விவரமாகச் சொல்லி எச்சரித்துவிட்டார். தெரிந்தும் செய்கிறான். நாவல் முழுவதும் எனக்கு இந்த இரண்டு சொல்லில் அடங்கிவிடுகிறது.

இது வெறும் கற்பனையில் முளைத்த கதை இல்லை. 1970-களின் கடைசியில் கிங் மெய்ன் சர்வகலாசாலையில் ஒரு வருஷம் பாடம் சொல்லிக்கொடுத்தார். அப்போது ஆரிங்டன் என்ற ஊரில் இதே மாதிரி ரஸ்தா ஓரத்து வீட்டில் வாடகைக்கு இருந்தார். அவருடைய மகளின் பூனை ரஸ்தாவில் அடிபட்டுச் செத்தது. குழந்தைகள் உண்டாக்கிய இடுகாடும் அங்கே உண்மையிலேயே இருந்தது. பூனையை அங்கேதான் புதைத்தார்கள். பிறகு ஒரு நாள் நடை பழகிய சின்ன மகன் ரஸ்தாவை நோக்கி ஓடினான், லாரி வந்துகொண்டிருந்தது. குழந்தை பிழைத்தது. தாம் எட்டிப் பிடித்து வீழ்த்தியதால் பிழைத்ததா, அல்லது தானாகவே தடுக்கி விழுந்ததால் பிழைத்ததா என்பது தமக்கே நிச்சயமில்லை என்று கிங் பின்னால் சொல்லியிருக்கிறார். இந்த ஒரு சந்தேகம் போதும், நானூறு பக்க நாவல் ஒன்று பிறக்க. எழுதி முடித்துப் படித்துப் பார்த்தார். அவருக்கே பயமாக இருந்தது. பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். பழைய பிரசுரகர்த்தர்களுக்கு ஒரு புத்தகம் பாக்கி இருந்ததால்தான் 1983-ல் அது வெளியே வந்தது. பயமுறுத்துவதையே தொழிலாகக் கொண்டவர், தம் புத்தகங்களில் தம்மையே மிகவும் பயமுறுத்தியது இதுதான் என்கிறார். அதை நான் விளம்பரமாக எடுத்துக்கொள்ளவில்லை.

1989 படத்துக்குக் கிங்கே வசனம் எழுதினார். மெய்ன் மாகாணத்திலேயே எடுக்க வேண்டும் என்றும் நிபந்தனை போட்டார். டைரக்டர் மேரி லாம்பர்ட். ஜட் கிழவராக வந்தவர் பிரெட் க்வின் என்ற நடிகர். அதற்கு முன்பு தொலைக்காட்சி ஹாஸ்யத் தொடர் ஒன்றில் நல்ல பூதமாக வந்து சிரிக்க வைத்தவர். இந்தப் படத்தில் அவர் ஒருவருக்காகவே மறுபடி பார்க்கலாம். மற்றபடி அது முரட்டுத்தனமான படம். அதன் பெரிய கஷ்டம் கேஜ்தான். குழந்தை அழகாக இருக்கிறது. கையில் கத்தியைக் கொடுத்து, கிழவரைக் கொல் என்றால் அது என்ன செய்யும்? சிரிக்கிறது. சில இடங்களில் பொம்மையை வைத்துச் சமாளித்திருக்கிறார்கள். நாவலில் எழுத்து நடத்திக்காட்டிய கொலையைத் திரையில் இரண்டு வயதுக் குழந்தை நடத்திக்காட்ட முடியாது.

ஆகவே 2019-ல் கெவின் கோல்ஷ், டென்னிஸ் விட்மையர் என்ற இரண்டு டைரக்டர்களும் பெண்ணைச் சாகவைத்ததற்கு நியாயம் உண்டு. நியாயத்துக்கு மேலே ஒரு லாபமும் உண்டு. இரண்டு வயதுக் குழந்தைக்குத் தான் செத்துப் போனது தெரியாது. ஒன்பது வயதுப் பெண்ணுக்குத் தெரியும். சாவு என்றால் என்ன என்று தாய் தகப்பனைக் கேட்ட பெண் அவள். பூனை என்றைக்காவது செத்துப் போய்விடுமா என்று அழுத பெண். அவளே செத்துத் திரும்பி வந்தால் என்னென்ன கேட்பாள்! ஒரு நாவலாசிரியனுக்கு இந்த யோசனை வந்தால் அன்றைக்கு ராத்திரி தூங்கமாட்டான்.

அந்த லாபத்தைப் படம் ஒரே ஒரு காட்சியில் வசூல் செய்கிறது. மண்ணும் அழுக்குமாகத் திரும்பி வந்த மகளைத் தகப்பன் குளிப்பாட்டுகிறான். தலை வாரிவிடுகிறான். சீப்பு பின்மண்டையில் எதிலோ தட்டுப்படுகிறது. சவத்தை அலங்கரித்தவர்கள், பிளந்துபோன மண்டையைச் சேர்த்துப் போட்ட உலோகத் தையல் அது. அவன் ஒன்றும் சொல்லவில்லை. மெதுவாக அந்த இடத்தை விட்டுவிட்டுப் பக்கத்தில் வாருகிறான். ஜேசன் கிளார்க் என்ற நடிகரின் முகத்தில் அந்த நிமிஷத்தில் பிரியமும் அருவருப்பும் ஒன்றாக நிற்கின்றன; பிரியம் ஜெயிப்பதைப் பார்க்கிறோம். அதுதான் பயமாக இருக்கிறது. பிறகு அவளைப் படுக்கவைத்துத் தானும் பக்கத்தில் படுத்துக்கொள்கிறான். இரண்டு படங்களிலும் சேர்த்து நாவலுக்குப் பக்கத்தில் வந்த இடம் இது ஒன்றுதான். வேடிக்கை என்னவென்றால் இந்தக் காட்சி நாவலில் இல்லை.

இதற்கு அப்புறம் படம் என்ன செய்திருக்கலாம்? அந்த வீட்டில் இரண்டு நாள், மூன்று நாள் நம்மை இருக்கவைத்திருக்கலாம். செத்த மகளுக்குக் காலையில் என்ன சாப்பாடு போடுவது? அடுத்த வீட்டார் வந்தால் அவளை எங்கே ஒளிப்பது? அவள் தம்பியைத் தூக்கிக்கொள்கிறேன் என்று கை நீட்டினால் கொடுப்பதா, வேண்டாமா? ஜெடே லாரன்ஸ் என்ற அந்தச் சிறுமி இதையெல்லாம் தாங்கி நடிக்கக்கூடியவள். டைரக்டர்களுக்குப் பொறுமை இல்லை. பெண் பாலே நடனம் ஆடி அறையைச் சூறையாடுகிறாள். உடனே கத்தி, மாடிப்படிக்கு அடியிலிருந்து குதிகால் நரம்பில் வெட்டு, இருட்டில் துரத்தல். பேசக்கூடிய குழந்தை கிடைத்ததும் அவள் வாயில் பிசாசின் வசனத்தைக் கொடுத்துவிட்டார்கள். நையாண்டியாகவும் வன்மமாகவும் பேசுகிற பிசாசுக் குழந்தையை இதற்கு முன்பு எத்தனையோ படங்களில் பார்த்தாகிவிட்டது. எல்லியைப் பார்க்கத்தான் நான் உட்கார்ந்திருந்தேன்.

இன்னொரு விஷயம், ஆச்சரியத்தைப் பற்றியது. புதிய படத்தில் விபத்து நடக்கும் விதத்தைக் கவனியுங்கள். எல்லியின் பிறந்தநாள் விருந்து நடக்கிறது. சின்னவன் ரஸ்தாவை நோக்கி ஓடுகிறான். நாவலைப் படித்தவர்கள், 'ஆயிற்று, பையன் போனான்' என்று மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள். தகப்பன் ஓடிப்போய்ப் பையனைப் பிடித்துவிடுகிறான். அடடா என்று மூச்சு விடுவதற்குள் லாரியின் பின்பகுதி கழன்று வந்து பெண்ணை அடித்துவிடுகிறது. கெட்டிக்காரத்தனமான ஜோடனை, சந்தேகமில்லை. ஆனால் யாருக்காக? நாவலைப் படித்தவனைப் பார்த்து, 'எப்படி ஏமாந்தாய், பார்த்தாயா?' என்று கண்ணடிப்பதற்காக. குழந்தை சாகிற இடத்தில் கண்ணடிப்பது எனக்கு ரசிக்கவில்லை. இதைவிட விசித்திரம், படம் வெளியாவதற்கு முன்பே வந்த முன்னோட்டத்தில் எல்லிதான் சாகிறாள் என்பதைக் காட்டிவிட்டார்கள்! ஏமாற்று வித்தையைக் கட்டிவைத்துவிட்டுக் கொட்டகை வாசலிலேயே அதை அவிழ்த்துக் காட்டினால் என்ன மிச்சம்?

கிங் இந்த இடத்தில் செய்திருப்பதைப் பாருங்கள். வசந்த காலத்து மாலை. லூயிஸும் கேஜும் பட்டம் விடுகிறார்கள். முதல் தடவையாக நூலைத் தன் கையில் பிடித்துக்கொண்டு குழந்தை சிரிக்கிறது. நாவலிலேயே மிகவும் சந்தோஷமான பக்கங்கள் இவை. அந்தச் சந்தோஷத்தின் நடுவில், வானிலையைச் சொல்வது போல, இந்தக் குழந்தைக்கு இன்னும் இரண்டு மாதம்கூட ஆயுள் இல்லை என்று ஆசிரியர் சொல்லிவிட்டு மேலே போகிறார். கையிலிருந்த பெரிய துருப்புச் சீட்டை அலட்சியமாக மேஜைமேல் வீசிவிடுகிறார். விபத்தையும் நேராக வர்ணிப்பதில்லை. நடந்து முடிந்த பிறகு, சவ அடக்கத்தின் குழப்பத்துக்கு நடுவில், துண்டு துண்டாகத் தெரியவருகிறது. முடிவு தெரிந்தும் கெட்டுப்போகாத கதை என்று நான் சொன்னதற்குக் காரணம் இதுவே. என்ன நடக்கும் என்ற கவலையை ஆசிரியரே நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டுவிட்டார். இனிமேல் லூயிஸின் பக்கத்தில் உட்கார்ந்து அவன் மனசு எப்படிக் கணக்குப் போடுகிறது என்று பார்ப்பதைத் தவிர நமக்கு வேறு வேலை இல்லை.

அதற்கும் ஒருபடி மேலே ஓர் அத்தியாயம் உண்டு. அதில் லூயிஸ் குழந்தையைப் பிடித்துவிடுகிறான்! சட்டையின் நுனி விரலில் சிக்குகிறது, இழுத்துவிடுகிறான், லாரி போய்விடுகிறது. கேஜ் வளர்கிறான், பள்ளிக்கூடம் போகிறான், நீச்சல் கற்றுக்கொள்கிறான், கலாசாலையில் சேர்கிறான், ஒலிம்பிக் பந்தயம் வரைக்கும் போகிறான். தாயும் தகப்பனும் பெருமையோடு பார்க்கிறார்கள். அப்புறம் விழிப்பு. இதைப் படித்தவர்கள், புத்தகத்தின் மற்றப் பேய்களை எல்லாம் மறந்தாலும் இந்த அத்தியாயத்தை மறக்கமாட்டார்கள். ஆரிங்டன் ரஸ்தாவில் தாம் பிடித்தோமா இல்லையா என்று தெரியாத ஒரு தகப்பன்தான் இதை எழுத முடியும். இரண்டு படங்களும் இதைத் தொடவில்லை. தொட்டிருந்தாலும் சரியாக வந்திருக்குமோ என்னவோ. எழுத்தில் 'அவன் வளர்ந்தான்' என்ற இரண்டு சொல் செய்கிற காரியத்தைப் படத்தில் செய்ய ஐந்து நடிகர்கள் வேண்டும்.

அவசரத்தில் போனவை வேறு பல. நார்மா கிழவியை இரண்டு படங்களிலுமே எடுத்துவிட்டார்கள்; புதிய படத்தில் ஜட் ஆரம்பத்திலிருந்தே மனைவியை இழந்தவர். நாவலில் அவள் ஒரு முக்கியமான காரியம் செய்கிறாள்: வயசாகி, வியாதிப்பட்டு, சாதாரணமாகச் சாகிறாள். எல்லோரும் அழுகிறார்கள், சாப்பிடுகிறார்கள், வீடு திரும்புகிறார்கள். எல்லிகூட ஒருவாறு புரிந்துகொள்கிறாள். சாவு இப்படியும் இருக்கலாம் என்பதைப் பார்த்த பிறகுதான் அடுத்த சாவின் கொடுமை உறைக்கிறது. ஜான் லித்கோ நல்ல நடிகர். மனைவியைப் பறிகொடுத்த கிழவரின் தனிமையை அவர் முகத்தில் காட்டுகிறார். என்றாலும் ஒருவர் முகம் இன்னொருவர் சாவுக்கு ஈடாகாது. அதற்குப் பதிலாக, மிருக முகமூடி மாட்டிக்கொண்டு முரசு கொட்டி ஊர்வலம் போகிற குழந்தைகளைக் காட்டுகிறார்கள். விளம்பரத்துக்கு நல்ல படம். கதையில் அதனால் ஓர் அணுவும் அசையவில்லை. மிக்மாக் மக்களின் நிலத்தைச் சாபம் பிடித்த இடமாகக் காட்டுவது அமெரிக்கப் பயங்கரக் கதைகளின் பழைய வழக்கம். நிலத்தைப் பிடுங்கிக்கொண்டவன் மனசில் உறுத்துகிறதோ என்னவோ. நாவலில் அந்த நிலத்தின்மேல் மிக்மாக்குகளுக்கு இருக்கும் உரிமையைப் பற்றியாவது ஒரு பேச்சு வருகிறது. புதிய படம் ஒரு புத்தகத்துப் படத்தைப் புரட்டிக் காட்டிவிட்டுப் போய்விடுகிறது.

ரேச்சலின் விஷயத்தில் மட்டும் புதிய படத்தைப் பாராட்ட வேண்டும். சிறு வயதில், முதுகெலும்பு நோயால் உருக்குலைந்த அக்காள் ஸெல்டாவோடு தனியாக விடப்பட்டு, அவள் சாவதைப் பார்த்தவள் ரேச்சல். அதனால் சாவு என்ற சொல்லையே வீட்டில் பேசவிடமாட்டாள். ஏமி சைமட்ஸ் இதைக் கூச்சல் இல்லாமல் நடித்திருக்கிறாள். திரும்பி வந்த மகளைக் கண்டு அவள் பின்வாங்குகிறபோது, கட்டிக்கொள் என்று லூயிஸ் கெஞ்சுகிறான். யார் பக்கம் சேர்வது என்று நமக்கே தெரியவில்லை. ஒரு நிமிஷத்துக்குப் படம் மறுபடி உயிரோடு இருக்கிறது.

இப்போது முடிவுக்கு வருகிறேன். எனக்கும் படத்துக்கும் உள்ள பெரிய வழக்கு அங்கேதான். டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸ் 1902-ல் வெளியிட்ட 'குரங்கின் பாதம்' கதையைப் பலர் படித்திருப்பீர்கள். யந்திரத்தில் சிக்கிச் செத்த மகனைத் தாய், தகப்பனை வற்புறுத்தி மந்திரப் பாதத்திடம் வரம் கேட்கவைத்துத் திரும்ப அழைக்கிறாள். கதவு தட்டப்படுகிறது. அவள் தாழ்ப்பாளைத் திறப்பதற்குள் தகப்பன் கடைசி வரத்தைக் கேட்டு, வந்ததைத் திருப்பி அனுப்பிவிடுகிறான். கிங்கின் நாவல் அந்தக் கதைக்கு எழுதிய பதில். இங்கே கதவைத் திறந்துவிடுகிறவன் தகப்பனே. அதுவும் ஒரு தடவை அல்ல. கேஜ் திரும்பி வந்து ஜட்டைக் கொல்கிறான், தாயைக் கொல்கிறான். லூயிஸ் தன் கையாலேயே மருந்தூசி போட்டு மகனை மறுபடி சாக அடிக்கிறான். அதற்கப்புறமாவது புத்தி வந்ததா? ரேச்சலின் உடலைத் தூக்கிக்கொண்டு அதே இடத்துக்கு நடக்கிறான். காரணம் சொல்கிறான்: கேஜ் விஷயத்தில் ரொம்ப நாள் தாமதித்துவிட்டோம், அதனால் கெட்டுப்போயிற்று, இவள் இப்போதுதான் செத்தாள், இந்தத் தடவை சரியாக வரும். இதைப் படிக்கும்போது எனக்கு உடம்பு சில்லிட்டது. இந்தத் தர்க்கத்தில் வைத்தியருடைய அறிவு இருக்கிறது, கணக்கு இருக்கிறது, முன்னனுபவம்கூட இருக்கிறது. புத்தி சுவாதீனம் மட்டும் இல்லை. துக்கப்பட்ட வீடுகளில் இந்தக் குரலை நாம் கேட்டிருக்கிறோம். வேறு டாக்டரிடம் காட்டியிருந்தால், ஒரு நாள் முன்னால் போயிருந்தால் என்று.

புதிய படத்தில் லூயிஸுக்கு இந்த இரண்டாவது குற்றத்தைச் செய்யும் சந்தர்ப்பமே கொடுக்கவில்லை. ரேச்சலைக் கொன்றவளும் எல்லி. அவளைக் காட்டுக்கு இழுத்துப்போய்ப் புதைத்தவளும் எல்லி. திரும்பி வந்த ரேச்சல் லூயிஸைப் பின்னாலிருந்து குத்திக் கொல்கிறாள். அவனும் புதைக்கப்படுகிறான். செய்தவனாக இருந்தவன் செய்யப்பட்டவனாகிவிட்டான். முதலில் செய்ததோடு அவன் பொறுப்பு தீர்ந்தது. மிச்சமெல்லாம் பிசாசு பார்த்துக்கொண்டது. தப்பைப் பிசாசின் தலையில் போடுகிறபோது நம் பயத்தில் பாதி இறங்கிவிடுகிறது, ஏனெனில் பிசாசு நாம் அல்லவே!

இத்தனைக்கும் புதிய கதையில் ஒரு புதிய பொக்கிஷம் கிடந்தது. அந்தத் தகப்பன் ஒரு குழந்தையைக் காப்பாற்றினான். அதனாலேயே இன்னொரு குழந்தையைப் பார்க்காமல் விட்டான். காப்பாற்றப்பட்டவன் வீட்டிலேயே தவழ்ந்து விளையாடிக்கொண்டிருக்கிறான். அவனைப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் லூயிஸுக்கு என்ன தோன்றியிருக்கும்? அந்தக் குழந்தையின்மேல் ஒரு கணமாவது கோபம் வந்திருக்காதா? வந்ததற்காக வெட்கப்பட்டிருக்கமாட்டானா? மூல நாவலில் இல்லாத, கிங்குக்கே கிடைக்காத சந்தர்ப்பம் இது. படம் முக்கால்வாசி நேரம் அந்தக் குழந்தையை மறந்துவிட்டு, கடைசிக் காட்சியில்தான் ஞாபகப்படுத்திக்கொள்கிறது. பூட்டிய காருக்குள் பையன் உட்கார்ந்திருக்கிறான். செத்துத் திரும்பிய தகப்பன், தாய், அக்காள், பூனை எல்லோரும் வந்து காரைச் சுற்றி நிற்கிறார்கள். கதவின் பூட்டு திறக்கிற சின்னச் சத்தம். படம் முடிந்தது.

நாவலின் கடைசிப் பக்கத்தில் லூயிஸ் வீட்டில் தனியாக உட்கார்ந்து சீட்டுக்கட்டைப் பரப்பித் தனக்குத்தானே ஆடிக்கொண்டிருக்கிறான். பின்னால் காலடிச் சத்தம் கேட்கிறது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த சீட்டைப் பார்க்கிறான். தோள்மேல் ஒரு குளிர்ந்த கை விழுகிறது. மண் அப்பிய குரலில் மனைவி அவனைச் செல்லமாக அழைக்கிறாள்.